கன்றின் பழைய கயிறு

நிர்மலா கூண்டில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். இதென்ன கோயிலா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பென்னாகரம் கோர்ட்டில் அவளுக்காக வாதாடும் வக்கீல் நான். குற்றம், கன்றுக்குட்டித் திருட்டு. அங்கன்வாடி வேலைக்குத் தேர்வாகி, உத்தரவுக்காகக் காத்திருப்பவள் அவள். தண்டனை விழுந்தால் அந்த வேலை அவ்வளவுதான்.

பக்கத்துக் காட்டுக்காரர் சென்னப்பன் தன் சினைமாட்டை அவளிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். மேய்த்துப் பராமரித்தால் பிறக்கிற கன்று அவளுக்கு, மாடு அவருக்கு என்று வாய்ப்பேச்சு. கன்று நாளைக்குப் பால் தரும் கிடேரியாகப் பிறந்ததும் மனிதருக்கு மனசு மாறிவிட்டது. தாயையும் கன்றையும் சேர்த்து ஓட்டிப்போய்த் தன் கொட்டகையில் கட்டிக்கொண்டார். ஒரு நாள் காலையில் இவள் போய்க் கன்றை மட்டும் பிடித்து வந்துவிட்டாள். அவர் நேரே போலீசுக்குப் போனார்.

அங்கே போகவே இல்லை என்று மறுப்பது ஒரு வழி. என்னுடையது என்று நம்பி எடுத்தேன் என்பது இன்னொரு வழி; அந்த நம்பிக்கை நேர்மையானது என்றால் அது திருட்டாகாது. முதல் வழியைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் மறுத்துவிட்டாள்.

“என் கன்னு மேடம் அது. ஊரே பாக்கத்தான் புடிச்சிட்டு வந்தேன். எடுக்கலன்னு எப்புடிச் சொல்றது?”

இரண்டாவது வழிக்குச் சாட்சி வேண்டும். வாரம் பேசியபோது அங்கே இருந்தது இவள், அவர், அப்புறம் மாடு.

சென்னப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாட்சி சொன்னார். வாரமெல்லாம் பேசவே இல்லை, கூலிக்கு மேய்க்கத்தான் விட்டேன் என்று சாதித்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. இவள் புதுக்கயிறு வாங்கிப்போய்க் கன்றைப் பிடித்தவள். அவருடைய கயிற்றைக்கூட எடுக்கவில்லை என்றாவது காட்டலாம் என்று நினைத்தேன்.

“கன்னு கட்டியிருந்த கயிறு எங்கங்க?”

“வூட்லதாம்மா இருக்குது. இந்தப் பொண்ணு அவுத்து மொளைக்கிட்டயே போட்டுட்டுப் போயிருச்சு. நாந்தான் சுருட்டிக் கூரை எறவாணத்துல சொருகி வெச்சேன்.”

பின்பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் கடலோர ஊர்க்காரர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏன் சொருகி வெச்சீங்க? போலீஸ்ல ஒப்படைக்கலாம், இல்ல வேற கன்னுக்குக் கட்டலாமே?”

“அதெப்படிங்க சாமி கட்டறது? கைமாத்திக் குடுத்த கன்னோட கயிறுங்க அது. கன்னு போனாலும் கயிறு நம்ம வூட்லயே இருக்கணும், அப்பத்தான் பட்டி பெருகும். எங்கப்பன் காலத்துல இருந்தே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

“குடுத்த கன்னா?” என்றார் மாஜிஸ்திரேட்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகப் போய்விட்டது. வக்கீலுக்கு ஆகாத குணம். நிர்மலாவும் அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். தட்டச்சுக்காரர் கையை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். சென்னப்பன் கக்கத்துத் துண்டை உருவி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அதை உள்ளங்கையில் மெதுவாகச் சுற்றத் தொடங்கினார்.