இங்க குடு

…அந்த மூன்றாவது கம்பிதான், வேறெதுவுமில்லை, ஈயம் சரியாக உருகாமல் மங்கலாக உருண்டு நிற்கிறதே, இந்தப் பெண்ணுக்குக் கண் எங்கே போயிற்று, பள்ளிக்கூடமே குருவி என்று கூப்பிடுகிற அளவுக்கு ஒல்லிக்குச்சி, பிடிவாதம் மட்டும் மலையளவு… கண்காட்சி நடுவர்கள் பக்கத்து மேசைவரை வந்துவிட்டார்கள். ஊசிக்கருகே விரல் போனால் தையல் இயந்திரம் தானாக நிற்க வேண்டும், தையல் கம்பெனியில் அம்மாவின் விரலில் ஊசி இறங்கிய அன்று குருவிக்குத் தோன்றிய யோசனை, முழுக்க இவள் மூளை, நேற்றுவரை சமர்த்தாக நின்றது, இன்று பார்த்து நிற்கமாட்டேன் என்கிறது. அறிவியல் டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. குருவி கையிலிருந்து ஈயம் உருக்கும் அந்தச் சூடேறிய சால்டரிங் அயர்னை வாங்கி ஒரு தொடு தொட்டால் தீர்ந்தது… ‘இங்க குடு, கையச் சுட்டுக்கப் போற.’ யார் சொன்னது? டீச்சர் வாயே திறக்கவில்லையே… அண்ணன். செத்துப்போய் இத்தனை வருஷமாகியும் அவன் குரல் மட்டும் காதோரமே குடியிருக்கிறது.

கெட்டவனா அவன்? ஐயோ, தங்கச்சி என்றால் உயிரையே விடுவான், அதனால்தானே இன்றுவரை திட்டவும் முடியவில்லை. சின்ன வயதில் இதே மாதிரி ஒரு கண்காட்சிக்கு அவள் செய்த மணியடிக்கும் கதவு… செய்தாளாவது, திருப்புளியைத் தொட விட்டானா, எல்லாம் அவனே முடித்தான், பரிசு மட்டும் அவளுக்கு. ‘இந்தக் கம்பி எங்கம்மா போகுது?’ என்று நடுவர் கேட்டபோது அண்ணன் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தாள், கூட்டம் சிரித்தது, அவனும் செல்லமாகச் சிரித்தான். அப்புறம் வாழ்க்கையில் எதையாவது புதிதாகச் செய்து பார்த்தாளா? செய்தவர்களைப் பற்றிப் பாடம் நடத்தினாள், அவ்வளவுதான். வேண்டாம், குருவிக்கு அந்தக் கதி வேண்டாம், தோற்றாலும் பரவாயில்லை, அவளே கண்டுபிடிக்கட்டும்… டீச்சர் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். “நீயே பாரு, பதறாத” என்றாள். அப்பாடா, அண்ணன் அடங்கிவிட்டான். குருவி நிமிரக்கூட இல்லை. சூடான முனை டீச்சர்மேல் பட்டுவிடாமல் பக்குவமாகப் பிடியைத் திருப்பி அயர்னை நீட்டினாள். “சீக்கிரம் பண்ணிடுங்க மிஸ், வந்துட்டாங்க. எப்பவும் கடைசில நீங்கதான வாங்கிப்பீங்க.”

எப்பவுமா? என்றைக்கு வாங்கினாள், ஒன்றுகூட நினைவில்லையே, அன்பாகத்தானே வாங்கியிருப்பாள், எத்தனை தடவை வாங்கியிருந்தால் இந்தச் சின்னக் கை, கேட்காமலே நீட்டப் பழகியிருக்கும்…