எண்ணூரில் கொடுக்கச் சொன்ன பெயர்

என் தாத்தா வால்டர் ராயபுரத்தில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்பது போர்டில் இருந்த சொல்தான். உள்ளே ஒரு காஸ் சிலிண்டர், பாட்டில்களைச் சுற்றும் ஒரு மெஷின், கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு 1946-ல் திரும்பியவர், அங்கே கொடுத்தனுப்பிய பணத்தில் அதை ஆரம்பித்தார். பாட்டில் வெடிக்கும் என்று மற்றவர்கள் கையில் கோணியைச் சுற்றிக்கொள்வார்கள். தாத்தா சுற்றமாட்டார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

காலை பத்து மணிக்கு, காசிமேட்டில் எடுத்த மீனைத் தெருத்தெருவாக விற்றுவிட்டு வியாகுலம்மாள் வருவாள். அவளுக்கும் தாத்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"இன்னா வால்டரு, சோடால காஸே இல்ல? அல்லாத்தையும் நீயே முழுங்கிட்டியா?"

"ஒன் கூடை நாத்தத்துக்குப் பயந்துகினு ஓடிப்பூட்ச்சி."

குடித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்பாள்: "கப்பலு எதுனா வருதாமா?"

அவளுடைய ஒரே மகன் ஸ்டானிஸ்லாஸ். பத்தொன்பது வயதில் தாத்தாவுடன் பட்டாளத்தில் சேர்ந்தவன். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கூட்டிப்போனது தாத்தாதான். பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது அவன் காணாமல் போனான் என்று சர்க்கார் கடிதம் வந்தது. காட்டுப் பக்கம் தப்பிப்போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று தாத்தா சொன்னார். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மகன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டிருப்பான், பிள்ளைகள் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

1964-லிருந்து, பர்மாவை விட்டு வெளியேற்றப்பட்ட தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் துறைமுகத்து வாசலில் போய் நின்றாள். தாத்தா கடையைச் சாத்திவிட்டு அவளுடன் நின்றார். ஒருமுறை நானும் போனேன். டிரங்குப் பெட்டியும் குழந்தையுமாக வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் மகன் பெயரைச் சொல்லி விசாரித்தாள். தாத்தா அவளுடைய கூடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே நின்றார். களைப்பாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

நவம்பர், கத்தோலிக்கர்களான எங்களுக்கு, ஆன்மாக்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்போம். பூசையில் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். தாத்தா எங்கள் வீட்டுப் பெயர்களை ராயபுரம் கோயிலில் கொடுத்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு ரயிலேறி எண்ணூர் போவார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

1967-ல் அவருக்கு நெஞ்சு சரியில்லை. மடித்த தாளை என்னிடம் கொடுத்தார். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

"எண்ணூர் கோயில்லயே குடு. இங்க வாணாம்."

"எங்க குடுத்தா இன்னா தாத்தா?"

"சொன்னதச் செய்."

அன்று நல்ல மழை. வண்டி திருவொற்றியூரைத் தாண்டாது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். மறுநாள் போயிருக்கலாம். கடவுளுக்கு எந்தக் கோயிலில் சொன்னாலும் கேட்கும் என்று நினைத்து, திரும்பி வந்து எங்கள் கோயில் பெட்டியிலேயே போட்டேன். தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வியாகுலம்மாள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்.

"பாஸ்கல் மகன் ஸ்டானிஸ்லாஸ். பர்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு."

புருஷன் பெயரும் மகன் பெயரும் சேர்ந்து வந்ததும் அவள் தலை நிமிர்ந்தது. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று வாசிப்பு தொடர்ந்தது. அவள் எழுந்து, பெண்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே போனாள். பர்மாவிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பிய ஒரே ஆள் என் தாத்தாதான். நான் வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் அவள் தாத்தாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க பொதச்ச?"

தாத்தா எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஆத்தங்கரைல. மூணு நாள் காய்ச்சல். நான்தான் குழி வெட்னேன்."

"அப்பறம் இன்னாத்துக்குடா எங்கைல பொய் சொன்ன?"

"ரயில வுட்டு எறங்கறேன், நீ எதுருல நிக்கற. என்னியப் பாக்கல நீ. எனுக்குப் பின்னால எட்டி எட்டிப் பாத்துகினு இருந்த. வாய் வரல வியாகுலம்."

"அன்னிக்கி வரல. சரி. இருவத்தோரு வருசமா வரலியா?"

தாத்தா கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கி வைத்தார்.

"உசுரோட அனுப்பு, உசுரோட அனுப்புன்னு அந்தோணியாருக்கு மெழுவத்தி ஏத்திகினு கீறேன். செத்தவனுக்கு ஒரு பூசை வெக்கல, ஒரு செபம் சொல்லல. பெத்தவ செபம் இல்லாம எம்புள்ள மோட்சம் போவாம உத்தரிக்கற ஸ்தலத்துல கெடந்துகினு கீறான்டா."

"நான் வெச்சேன். வருசா வருசம், எண்ணூர்ல."

"நீ யாருடா அதுக்கு?"

சத்தம் போடாமல்தான் கேட்டாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவள் மீன் விற்கவில்லை.

தாத்தா என்னைத் திட்டவே இல்லை. இரண்டு நாள் கழித்து நானே போய், "என்னாலதான் தாத்தா" என்றேன். "பாட்டில் கழுவியாச்சா?" என்று கேட்டார். கொஞ்ச நாள் கடைக்கு வந்தார். மெஷினைச் சுற்றத் தெம்பில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டுக்கு இரண்டு முறை போய் வந்தார் என்றும், கதவு திறக்கவில்லை என்றும் பின்னால் தெரிந்தது. பிப்ரவரியில் இறந்துபோனார்.

காசிமேட்டுக் கல்லறையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். எல்லோரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். வரிசையின் கடைசியில் வியாகுலம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டு குழியோரத்தில் நின்றாள்.

"எம்புள்ளைக்கி மண்ணு போட நான் இல்ல," என்றாள். "இவனுக்கு மட்டும் எப்பிடிப் போடுவேன்?"

என் கையை இழுத்து மண்ணை அதில் திணித்தாள். இறுக்கிப் பிடித்திருந்ததால் அது கட்டியாக இருந்தது. நான் போட்டேன். ஏற்கெனவே என் பங்கைப் போட்டிருந்தேன், இருந்தாலும் போட்டேன்.

அவள் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகும், வெட்டியான் மண்ணைத் தள்ளிக் குழியை மூடி மேடு தட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.