ஏர்ல் பாஸின் இரண்டு முன்பற்கள்

மட்டக்களப்பு டவுனில் லேத் பட்டறை வைத்திருந்த ஏர்ல் பாஸால் திருத்த முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். ட்ரக்டர் அச்சு, மீன்வாடி ஐஸ் மெஷின், உன்னிச்சைக் குளத்து மதகின் திருகுத்தண்டு, ஒருமுறை தேவாலய மணியின் நாக்குக்கூட அவர் கைக்கு வந்து குணமாகிப் போயிருக்கிறது. அறுபத்திரண்டு வயதிலும் வாய் நிறையச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் நடுவே நின்ற மேல் முன்பற்கள் இரண்டும் மட்டும் அவருடையவை அல்ல.

இருபத்தாறு வயதில், கல்குடா ரோட்டில், மோட்டார் சைக்கிளோடு ஒரு எருமையில் போய் முட்டினார். எருமை எழும்பி நடந்து போய்விட்டது. பல் போன விஷயம் அந்த எருமைக்கும், கண்டியில் கட்டுப்பல் செய்து கொடுத்த டொக்டருக்கும் தவிர வேறொருவருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருசமாகக் கூடவே படுத்தெழும்பும் மனைவி பிலிஸுக்கும் தெரியாது. வீட்டில் அவர் பல் தீட்ட மாட்டார். விடிந்ததும் பட்டறைக்குப் போய், கதவைச் சாத்தி, பல் பதித்த தகட்டைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். மனுசனுக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்காது என்று பிலிஸ் நினைத்திருந்தாள்.

இவ்வளவையும் ஒளித்து வைத்திருந்த ஆள் வாயை மூடிக்கொண்டாவது இருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. ஊரில் யாருக்குப் பல் விழுந்தாலும் முதல் பகிடி ஏர்ல் பாஸுடையதுதான்.

மகள் ஜிலியனின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டில் வாவி நண்டுக் கறி. ஏர்ல் பாஸ் ஒரு பெரிய கொடுக்கை எடுத்துக் கடித்தார். கொடுக்கு உடையவில்லை. மேல் அண்ணத்தில் ஏதோ ‘டிக்’ என்றது. வாயை மூடியபடியே எழும்பினார். கை கழுவாமல் பட்டறைக்கு நடந்தார். தகடு நடுவால் இரண்டாகப் பிளந்திருந்தது.

ஒரு டொக்டரிடம் காட்டியிருந்தால் இரண்டு நாளில் கதை முடிந்திருக்கும். ஆனால் தன் கைக்கு மேலே இன்னொரு கை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் சாதி அவர் இல்லை. சூப்பர் குளூ எடுத்து ஒட்டினார். நன்றாகவே பிடித்தது. கல்யாணத்தன்று காலையில்தான் இன்னொரு பயம் வந்தது. சபைக்கு முன்னால் கிளாஸைத் தூக்கி வாழ்த்துப் பேசும்போது தகடு நழுவி வைனுக்குள் விழுந்தால்? தகட்டை வேட்டைப்பல்லோடு கொளுவிப் பிடிக்கும் கம்பியில் ஒரு சொட்டுக் குளூ வைத்து மாட்டினார். ஒரே ஒரு சொட்டு. தொழில் தெரிந்தவன் இரண்டு சொட்டு வைக்க மாட்டான்.

பேச்சு அமோகமாகப் போனது. வயலின் தொடங்கியதும் மருமகன் கிம்மின் தாயையும் இழுத்து வைத்துப் பறங்கியரின் கபிறிஞ்ஞா நடனம் ஆடினார். போட்டோவில் எல்லோரையும் விட அவர்தான் பல் தெரியச் சிரித்தார். மறுநாள் காலை பட்டறையில் தகட்டைக் கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. குறட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியில் குறட்டோடு நின்ற கிழவனைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்து, குறட்டைக் கீழே வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மேலுதடு பேக்கரிப் பணிஸ் போல வீங்கியது.

டவுனில் எந்தப் பல் டொக்டரிடம் போனாலும் ஞாயிறு பூசைக்கு முன்னால் முழுச் சபைக்கும் தெரிந்துவிடும். ஆகவே பிலிஸிடம் இரும்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காத்தான்குடிக்குப் போனார். காத்தான்குடியில் பாதி வீட்டுக்குத் தான்தான் இரும்புக் கேற் அடித்தவர் என்பது அவருக்கு டொக்டரின் வாசலில்தான் ஞாபகம் வந்தது. உள்ளே காத்திருந்த முதல் ஆளே புடவைக்கடை இப்றாஹிம் ஹாஜியார்.

“ஏர்ல் பாஸ், உங்களுக்குமா பல்லு வருத்தம்?”

“மோட்டர் ஒண்டு பாக்க வந்தனான்,” என்றார் உதட்டைத் திறக்காமல்.

ஹாஜியார் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, நம்பர் எழுதும் பிள்ளை கூப்பிட்டது: “ஏர்ல், அறுவத்திரண்டு வயசு, வாய் வீக்கம், உள்ள வாங்க.”

உள்ளே டொக்டர் இன்ஷிரா. ஜிலியனின் வயதுதான் இருக்கும். சுவரில் ஒரு பலகை: பல் துப்புரவு, பல் நிரப்புதல், பல் பிடுங்குதல், வேர்க்கால்வாய்ச் சிகிச்சை, கட்டுப்பல், பல்லுக்குக் கம்பி. நாலு சொல்லை மாற்றினால் தன் பட்டறைப் பலகைதானே என்று ஏர்ல் பாஸுக்குத் தோன்றியது. கொஞ்சம் தைரியம் வந்தது. வாயைத் திறந்தார்.

டொக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தை இழுத்து இன்னொரு முறை பார்த்தாள்.

“அங்கிள், இத என்னத்தால ஒட்டினீங்க?”

“சூப்பர் குளூ.”

“ஆர் ஒட்டின?”

“தெரிஞ்ச ஒரு மெக்கானிக் பாஸ்.”

“அந்த பாஸ்ட கைய ஒடைக்கணும்,” என்றாள் டொக்டர். “ராவைக்கு இதக் கழட்டி தண்ணியில போடுற பழக்கம் இரிக்கா?”

“இல்ல.”

“எத்தின வருசமா?”

ஏர்ல் பாஸ் கணக்குப் பார்த்தார். “கலியாணம் கட்டின நாளில இருந்து.”

“அப்ப வீட்டில அன்ரிக்குத் தெரியாதா?”

அவர் பலகையைப் பார்த்தார். டொக்டர் மேலே கேட்கவில்லை. ஊசி போட்டாள். விறைத்ததும் மெஷினை எடுத்தாள். அந்தச் சத்தம் கேட்டதும், நாற்பது வருசமாக லேத்தோடு வாழ்ந்த மனுசன், பயத்தையும் மறந்து கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“நோவுதா?”

“நோவில்ல. இது நிமிசத்துக்கு எத்தின சுத்து?”

“மூணு லட்சம் மட்டில.”

ஏர்ல் பாஸ் அந்தச் சின்ன மெஷினையே பார்த்தார். அவருடைய லேத்துக்கு இரண்டாயிரம். அதற்கே பட்டறைச் சுவர் அதிரும். இங்கே ஒரு பிள்ளை, பேனை பிடிப்பது போல மூன்று லட்சத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விட்டு விட்டு, கம்பியை மட்டும் அறுக்கிறாள். நாக்கில் படவில்லை, உதட்டில் படவில்லை. தன் கைக்கு மேலே இன்னொரு கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது. வாய்க்குள் குழாய் இருந்ததால் அதைச் சொல்ல முடியவில்லை.

தகடு துண்டு துண்டாக வந்தது. கம்பி பிடித்திருந்த வேட்டைப்பல் உள்ளே சொத்தை. அதற்கு வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றாள். கால்வாய் வேலை எனக்கும் தெரியும், உன்னிச்சையில் செய்திருக்கிறேன் என்று விறைத்த வாயால் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. வீக்கத்துக்குக் குளிசை எழுதினாள். பல் முரசு ஆற இரண்டு கிழமை, பிறகு அச்செடுத்துப் புதுத் தகடு செய்ய இன்னொரு கிழமை.

“அதுமட்டும் நான் எப்பிடித் திரியிற?”

“வாய மூடித் திரிங்க, அங்கிள்.”

வீட்டுக்கு வந்தபோது பிலிஸ் வாசலில் நின்றாள். இரும்பு எங்கே என்று கேட்டாள். ஏர்ல் பாஸ் கையால் ஏதோ காட்டினார். பிலிஸ் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். வீங்கிய மேலுதடு ஒரு பக்கம் தொங்கி, ஓரத்தால் எச்சில் வழிந்தது.

“ஏர்ல், என்ன நடந்த? கதைங்க.”

“ஒண்ஃபுமில்ல.”

அவ்வளவுதான். பிலிஸுக்கு அது பாரிசவாதம் என்றே பட்டது. பாரிசவாதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள்.

“ரெண்டு கையையும் தூக்குங்க.”

தூக்கினார்.

“இப்ப சிரிங்க.”

சிரிக்கவில்லை.

“ஏர்ல், கடவுளே எண்டு ஒருக்காச் சிரிங்க.”

அவர் தலையை ஆட்டி மறுத்தார். பிலிஸ் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ்காரரிடம் விலாசம் சொல்லத் தொடங்கினாள். கண்ணால் நீர் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏர்ல் பாஸால் முடியவில்லை. அவர் சிரித்தார்.

பிலிஸ் போனைக் கீழே இறக்கினாள். ஆம்புலன்ஸ்காரர் உள்ளே இருந்து ஹலோ, ஹலோ என்றார். அவருக்கு ஒரு மன்னிப்புச் சொல்லி வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்தாள்.

“பல்லு எங்க?”

“காத்தான்குடியில.”

“எப்ப விழுந்த?”

எருமையிலிருந்து தொடங்கினார். முழுக்கச் சொல்லி முடிக்க அரைமணித்தியாலம் பிடித்தது. பிலிஸ் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

“எங்கட பப்பா செத்த அண்டைக்கு,” என்றாள் மெதுவாக, “பெட்டி மூடுற நேரம், ‘பல்லு செட்டையும் உள்ள வெக்கிறதா, இல்லாட்டி ஆரும் பாவிப்பாங்களா’ எண்டு கேட்டீங்க. பாதர் கூடச் சிரிச்சார். அப்ப உங்கட வாய்க்குள்ள இது இருந்ததா?”

“ஓம்.”

பிலிஸ் எழும்பி வந்து அவருக்கு முன்னால் நின்று தன் வாயைத் திறந்தாள். விரலால் கடைவாயைக் காட்டினாள். ஒரு பல்லில் உளுந்து போகும் அளவுக்குக் கறுப்புக் குழி.

“நாலு வருசமாக் குத்துது. டொக்டரிட்டப் போனா நீங்க ஊரெல்லாம் பகிடி விடுவீங்க எண்டு, கராம்பக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறன்.”

ஏர்ல் பாஸுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. தான் இறைச்சியைப் பட்டுப்பட்டென்று கடிக்கும்போதெல்லாம் அவள் குழம்பில் பாணைத் தோய்த்துத் தின்றதை இந்த நாலு வருசமும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அவர்.

அதற்காகப் பிலிஸ் அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நண்டுக் கறி வைத்தாள். நாலாம் நாளும் அதையே வைத்தாள். ஏர்ல் பாஸ் கொடுக்குகளைப் பார்த்துக்கொண்டு குழம்பை மட்டும் குடித்தார்.

அச்செடுக்கிற நாள் வந்ததும் மோட்டார் சைக்கிளின் பின்னால் பிலிஸும் ஏறிக்கொண்டாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. டொக்டர் அவரைக் கூப்பிட்டபோது பிலிஸ்தான் எழும்பி உள்ளே போனாள். ஏர்ல் பாஸ் வெளியே இருந்தார். இப்றாஹிம் ஹாஜியார் அன்றைக்கும் வந்திருந்தார்.

“என்ன பாஸ், இன்னும் மோட்டர் சரிவரல்லியா?”

மெஷின் சத்தம் உள்ளே தொடங்கியது. அந்தச் சத்தத்தின் கீழே பிலிஸ் இருக்கிறாள் என்று நினைத்தபோது, தன் வாயில் கேட்டதை விட அது அதிகமாய்க் கூசியது.

“மோட்டர் இல்ல, ஹாஜியார்,” என்றார், இடைவெளி தெரிய. “கட்டுப்ஃபல்லு. ரெண்டு. முப்ஃபத்தாறு வருசமா.”

ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். “எனக்கு ஆறு,” என்றார்.

முக்கால்மணித்தியாலம் கழித்துப் பிலிஸ் வந்தாள். பல்லை நிரப்பி, துப்புரவும் செய்துகொண்டு வந்திருந்தாள். கன்னம் விறைத்து, உதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. அவருக்கு முன்னால் நின்று, நாலு வருசக் கணக்கை அங்கேயே தீர்ப்பது போல ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு சொல்லாவது சொல்லாக வெளியே வரவில்லை. எச்சில்தான் வந்தது. ஏர்ல் பாஸ் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து, துடைக்க நீட்டினார்.

“ஓம், பிலிஸ்,” என்றார். “ஓம். அதுவும் ஓம்.”