முதல் ஐந்து நிமிடம்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலை ஷிப்டின் முதல் ஐந்து நிமிடம் எந்த மெஷினும் ஓடாது. முப்பது பெண்களும் கைகழுவிக்கொண்டு மடிப்பு மேஜைகளைச் சுற்றி நிற்பார்கள். அவரவர் கடவுளை அவரவர் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வார்கள். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் யாருடைய கடவுளை முதலில் சொல்வது என்று அடிதடி வந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் அங்கே மேற்பார்வை பார்க்கிற பெரியக்கா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மேலே ஆபரேஷன் நடக்கிறது, கீழே அந்தத் துணியைத் துவைக்கிறோம், கடவுளை நினைக்காமல் அதில் கை வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

இஸ்திரி ரோலருக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும், ஒல்லியான உடம்பு, நறுக்குத் தெறித்தாற்போன்ற பேச்சு. முதல் நாள் எல்லோரும் கண்ணை மூடி நின்றபோது அவள் மட்டும் தள்ளிப் போய் பாய்லரில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பெரியக்கா கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதான்."

டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

அவளுக்கு 'ஏன்' என்று பெயர் வைத்தது ரேடியோ. ரேடியோ என்பவள் துவைக்கிற பக்கம் வேலை செய்பவள். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள். எதைச் சொன்னாலும் புதியவள் "ஏன்?" என்று கேட்டதால் அந்தப் பெயர். ஏன் இதை இரண்டு தடவை அலசணும், ஏன் இந்தக் கதவு எப்பவும் பூட்டியிருக்கு, ஏன் இத்தனை சூட்டில் நமக்கு ஒரு ஃபேன் கூட இல்லை? பட்டப்பெயர் காதில் விழுந்ததும் அவள் சிரித்தாள். அதற்கப்புறம் 'ஏன்' என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்த்தாள்.

பெரிய ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். ஏனோடு கை சேர்க்க யாரும் முன்வரவில்லை. ஒருத்திக்குத் தோள்வலி, இன்னொருத்திக்குத் தலைசுற்றல். வேறு வழியில்லாமல் பெரியக்காவே எதிர்முனையைப் பிடித்தாள். பிரியத்தால் பிடிக்கவில்லை, வேலை நிற்கக் கூடாதே என்று பிடித்தாள். மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்ற பயம் இல்லாதவள் எதற்கும் துணிவாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் ஏன் சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய பையைத் திறந்துகூடப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் துண்டு எதுவும் இல்லை. டிபன் பாக்ஸ், குழந்தையின் உடைந்த மூக்குக் கண்ணாடி, சீப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் ஷீட்டின் மறுமுனையில் இருந்தபடி ஏன் சொன்னாள்: "அக்கா, பையில ஜிப் கொஞ்சம் தகராறு. இழுத்தா கையோட வந்துரும். பாக்கணும்னா சொல்லுங்க, நானே திறந்து காட்டறேன்."

பெரியக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தப்புதான்மா" என்றாள். அந்த வயசில், அந்தப் பதவியில், அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை ஏனும் எதிர்பார்க்கவில்லை.

"நானும் யோக்கியமில்லக்கா. சாமி கும்பிடறவங்கன்னா யோசிக்கத் தெரியாதவங்கன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சிட்டிருந்தேன். நீங்க ஒரு பார்வையில கறை என்ன கறைன்னு சொல்றீங்க. எனக்கு அது வரல."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு தொடங்கியது. பேச்சு என்றால் சண்டைதான். உதறும்போது ஒருத்தி கேட்பாள், கை சேரும்போது மற்றவள் பதில் சொல்வாள். "இந்த உலகம் தானா வந்துச்சா?" "அப்ப அவரு தானா வந்தாரா?" ஒரு வண்டி ஷீட் மடித்து முடிந்திருக்கும், ஒரு விஷயமும் முடிந்திருக்காது. ஆனால் ஏன் வராத நாளில் பெரியக்காவுக்குப் பொழுது போவதில்லை. இதை வீட்டில் சொன்னபோது அவள் கணவர், "அவகிட்ட பழகிப் பழகி நீயும் மாறிடாதே" என்றார். "இருபத்திரண்டு வருஷம் அந்த ஆவியில வெந்தும் மாறாதவ நான்" என்று சொல்லி அவர் வாயை அடைத்தாள்.

இப்படி இருக்கும்போது புது மேனேஜர் வந்தார். கையில் கடிகாரத்தோடு ஒரு வாரம் சுற்றினார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, நாளையிலிருந்து பிரார்த்தனை கிடையாது, மணியடித்ததும் மெஷின் ஓட வேண்டும் என்றார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்த பெரியக்காவும் தரையைத்தான் பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏன் சார்?"

மேனேஜர் யாரென்று பார்த்தார். "உனக்கென்ன வந்துச்சு? உனக்குத்தான் சாமியே கிடையாதுன்னு சொன்னாங்களே."

"எனக்குக் கிடையாது சார். அவங்களுக்கு இருக்கே. அந்த அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வந்தா அன்னிக்குப் பூரா அவங்க கை நிதானமா இருக்கு. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அந்த அஞ்சு நிமிஷம் மெஷினை யார் ஓட்டறது? உங்க அப்பாவா?"

"அவரு போய்ச் சேந்துட்டாரு. நான் ஓட்டறேன்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்குப் பின்வாங்க வழியில்லை. "சரி, ஓட்டிக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அவர்கள் கண்ணை மூடி நிற்க, ஏன் ஒற்றை ஆளாகத் துவைக்கிற மெஷின் டிரம்களுக்குள் ஈரத்துணியைத் தள்ளி, கதவை அடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிவிட்டாள். பிரார்த்தனை நடக்கும்போது வண்டியை இழுக்காமல் துணியைக் கையிலேயே தூக்கி வருவாள், மெஷின் இரைச்சலோடு சக்கரச் சத்தமும் சேர்ந்து அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று. கண்ணை முழுசாக மூடாத ஒரு நாளில் பெரியக்கா இதைப் பார்த்தாள். இவளுக்கு இதனால் என்ன லாபம்? புண்ணியம் என்ற கணக்கே இல்லாதவள் ஆயிற்றே. இதற்கு என்ன பெயர் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு காலை, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவசரமாக ஷீட் கேட்டிருந்தார்கள். பெரியக்கா முன்னதாகவே வந்து ரோலரின் சூட்டைப் போட்டு, சோதனைக்கு ஒரு ஷீட்டைப் பாதிவரை உள்ளே விட்டாள். பிரார்த்தனைக்கு மணியடித்தது. ரோலரை நிறுத்தினாள், சூட்டை நிறுத்த மறந்தாள். ஏன் மறுகோடியில் டிரம்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புகை வந்த பிறகுதான் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அதற்குள் ஏன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருந்தாள். ஷீட் கருகி, ரோலரின் உறையும் தீய்ந்துவிட்டது. ரோலர் பாதி நாள் நின்றது.

"பிரார்த்தனை நேரத்துல மெஷின் யார் பொறுப்பு?" என்றார் மேனேஜர்.

"என் பொறுப்பு சார்" என்றாள் ஏன். வேலையைவிட்டு எதற்காக நீக்கக் கூடாது என்று கேட்டு அவளுக்கு மெமோ வந்தது.

பெரியக்கா வாயைத் திறக்கப் போனாள். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம்தான் என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம், மேனேஜர் தணிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ரேடியோ ஆரம்பித்தாள்: "நான் அப்பவே சொன்னேன். சாமி இல்லாத கை. கடவுள் காட்டிக் குடுத்துட்டாரு பாத்தீங்களா?" நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பெரியக்கா டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடிவைத்தாள். தன்னுடைய தப்புக்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுத்துவிட்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்திருக்கிறாள். அதைவிடப் பெரிய பாவம் என்ன இருக்கிறது?

மறுநாள் காலை மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றதும், கண்ணை மூடப்போனவர்களை அவள் நிறுத்தினாள்.

"இருங்க. ரோலர்ல சூட்டைப் போட்டது நான். அணைக்க மறந்தது நான். நேத்து பூரா வாயை மூடிட்டு இருந்ததும் நான்தான். ரேடியோ, இதைப் போய் நாலு பேர்கிட்ட நல்லா சொல்லு."

ரேடியோவின் வாய் அன்றைக்குத்தான் அடைபட்டது. பெரியக்கா அப்படியே மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் குதித்தார், மேஜையைத் தட்டினார், கடைசியில் ஏனின் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரியக்காவை மூன்று மாதம் அழுக்குத்துணி பிரிக்கிற அறைக்கு அனுப்பினார். "இதோட பிரார்த்தனையும் முடிஞ்சது" என்றார். அதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். இனிமேல் தினம் இரண்டு பேர் முறைவைத்து ஏனோடு மெஷினைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னது, வேறு யாருமில்லை, ரேடியோதான். அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு மேனேஜர், "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார்.

பிரிக்கிற அறைக்கு அன்று சாயங்காலம் ஏன் வந்தாள். முகமூடிக்கு மேலே கண் சிரித்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு கையுறையை எடுத்துக் கொடுத்தாள்.

"நேத்து ரோலர் பக்கத்துல கிடந்துச்சு. உங்களோடது."

"அப்ப உனக்கு முன்னாலயே தெரியுமா? ஏன்டி சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு தோணுச்சு."

"சொல்லாமப் போயிருந்தா?"

"இன்னிக்குச் சாயங்காலம் நானே போய்ச் சொல்லியிருப்பேன். ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா எனக்கு. நான் ஒண்ணும் தியாகி கிடையாது."

பெரியக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. நாத்தம் பிடித்த அந்த அறையில், அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில், ஏனின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் தன்னை இப்படி நம்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாள். விரல்கள் மிச்சமிருந்தன.

மூன்று மாதம் கழித்துப் பெரியக்கா பழைய இடத்துக்கு வந்தாள். அந்த வாரமே ஏனின் சின்ன மகளுக்குக் கடும் காய்ச்சல். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் காலை வந்தவளின் முகத்தில் தூக்கமே இல்லை. மணியடிக்கப் போகிற நேரம். பெரியக்கா அவள் பக்கத்தில் போய்த் தயங்கினாள். முன்பென்றால் கேட்காமலேயே செய்திருப்பாள்.

"ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உன் பொண்ணுக்காக இன்னிக்கு வேண்டிக்கட்டுமா? உனக்கு வேண்டாம்னா வேண்டாம்."

ஏன் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வேண்டிக்குங்கக்கா. மருந்தை நான் பாத்துக்கறேன்."

பெரியக்கா மேஜைக்குப் போய்க் கண்ணை மூடினாள். ஏன் முதல் டிரம்மின் கதவைச் சத்தமில்லாமல் அடைத்தாள்.