வாடகைக்கு ஓர் அருவி

1

"அண்ணாச்சி, ஒரு அருவி வாடகைக்குக் கிடைக்குமா?"

"எத்தனை இஞ்ச் பைப்பு?"

"அதெல்லாம் தெரியாது. ஐந்தருவி சத்தம் வரணும்."

"சத்தம் மட்டும் போதுமா, தண்ணியும் வேணுமா?"

"தண்ணி இல்லாம சத்தம் எப்படி வரும்?"

"எங்க வீட்டு மோட்டார்ல வருதுல்லா."

தென்காசியில் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு கடையில் நான் கேட்ட பேச்சு இது. அருவி கேட்டவர் கடையநல்லூர் யாக்கூப். சவூதியில், தம்மாமில் பன்னிரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர், இப்போது கீபோர்டு வாசிக்கிறார். பேசிய இருவருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் என் மோட்டாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இந்தக் கதையும் வந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: ‘சாரல் தூவிய ஓர் இனிய மாலையில், யாக்கூப்பின் விழிகள் ஜோதிலட்சுமியின் வயலின் மீது...’

வேண்டாம். இது என் கைப்பழக்கம். எந்த இரண்டு பேரை ஒரே கூரையின் கீழ் நிறுத்தினாலும் நாலாம் அத்தியாயத்தில் பந்தக்கால் நட்டுவிடுவேன். யாக்கூப்புக்குப் பேரன் இருக்கிறான். ஜோதிலட்சுமி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். என் யோசனை தெரிந்தால் வயலின் வில்லாலேயே நாலு போடுவார்.

இது முத்துசெல்வியின் கதை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவள். நையாண்டி மேளக் குடும்பம், தவில் வாசிப்பாள். வயது நாற்பத்தொன்று. கணவன் குத்தாலிங்கம். (அவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலேயே அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு மாமியாரையும் எழுதினேன். அவளுக்கு இங்கே வேலையில்லை என்று அனுப்பிவிட்டேன்.)

இவர்களோடு நாலாவது ஆள் ஜோயல். ஆலங்குளத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிக்கும் இளைஞன்.

3

போன ஆனியில், குற்றாலம் ஐந்தருவிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகையில், இசைக்குழு தொடங்க நால்வரும் கூடினார்கள். முதல் நாள் முழுக்கச் சண்டை. எந்தப் பாட்டை எடுத்தாலும் அது யாரோ ஒருவருடைய பாட்டாக இருந்தது. ஜோயல் கிட்டாரை உறையில் போடத் தொடங்கினான். அப்போது முத்துசெல்விதான் சொன்னாள்:

"யாரும் பாடவே வேண்டாம். வாசிச்சாப் போதும். வாசிக்கதுக்கு எந்தச் சாமியும் கோவிச்சுக்கிடாது."

சட்டமாகிவிட்டது. ஜோதிலட்சுமி அதை ஒரு தாளில் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த வாரமே முத்துசெல்விக்குப் பாட வேண்டும் போலிருந்தது.

சட்டம் போட்டவளே எப்படிக் கேட்பாள்? ஆனால் கூரையில் மழை, பக்கத்தில் அருவி. வாயைத் திறந்தால் தன் காதுக்கே கேட்காது. எனவே தவிலைத் தட்டிக்கொண்டே பாடினாள். அருவி முழுவீச்சில் விழுந்த நாட்களில் வாய்விட்டே பாடினாள். உதடு அசைவதைப் பார்த்த யாக்கூப், தாளக் கணக்கை எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

யாருக்கும் அந்தக் குரல் காதில் விழவில்லை. ஆனாலும், எப்படியென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நாலு பேரின் வாசிப்பும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

(கோடையில் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஜோதிலட்சுமி மகள் வீட்டுக்குப் போனதால் ஒத்திகை இல்லை. இப்படி ஓட்டை அடைப்பது எனக்கும் பிடிக்காது.)

4

இந்த வருஷம் ஆனி பாதி கடந்தும் சாரல் இல்லை. அருவியில் ஆள் நனையத் தண்ணீர் இல்லை. கொட்டகை நிசப்தமாக இருந்தது. முத்துசெல்வி வாயை மூடிக்கொண்டாள்.

வாசிப்பு சரிந்தது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

"என்னமோ ஒண்ணு குறையுது," என்றான் ஜோயல்.

"அருவிதாம்லே குறையுது," என்றார் யாக்கூப். "அதுவும் நம்ம குழுவுல ஒரு ஆளு. இத்தனை நாளா நாம அதுக்குப் பேர் வைக்கல, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை பாவூர்சத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. குழுவுக்கு வந்த முதல் அழைப்பு.

"அதுக்குள்ள சரியாகலைன்னா நான் நின்னுக்கறேன்," என்றார் ஜோதிலட்சுமி. "இந்த வயசுல சபையில தப்பு வாசிக்க முடியாது."

அப்படித்தான் மோட்டார் வந்தது. கிணற்றுத் தண்ணீரை ஏற்றித் தகரத்தின் மேல் கொட்டினார்கள். கொட்டகை அதிர்ந்தது. முத்துசெல்வியால் அடக்க முடியவில்லை. பாடிவிட்டாள். வயலின் வந்து சேர்ந்தது, கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்தன. ஜோதிலட்சுமியின் கண் கலங்கியது.

"நான் சொன்னேம்லா," என்றார் யாக்கூப், மோட்டாரைத் தடவிக்கொடுத்தபடி.

மண்டபத்துக்கும் அருவியைக் கொண்டுபோவதென்று முடிவானது. ஒரு டேங்கர் லாரி, மேடைக்குப் பின்னால் தகரம். ஜோயல் மணப்பெண்ணின் தகப்பனாருக்கு போன் செய்தான். அவர் யோசித்துவிட்டு, "பொம்பளையாளுக்குத் தனி வரிசை உண்டுல்லா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து, எண்ணெய் தேய்க்க இரண்டு ஆள் ஏற்பாடு செய்துவிட்டதாகத் தகவல் வந்தது.

5

முடிவு ஒன்று: ஒத்திகை நடுவில் கரண்ட் போகிறது. மோட்டார் நிற்கிறது. முத்துசெல்வியின் குரல் மட்டும் கொட்டகையில் தனியாக நிற்கிறது. எல்லோரும் திரும்பிப்

எழுதிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டேன். அப்படி எழுதினால் அவள் அகப்பட்டுக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. ஒரு வருஷமாகத் திருடிப் பாடியவளை, கடைசியிலும் திருடியாகவே பிடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: குத்தாலிங்கம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். (வீட்டில் அவனிடம் மட்டும் சொல்லியிருப்பாள்.) நல்லவன்தான், ஆனால் இது அவன் வாயால் வர வேண்டிய வார்த்தை அல்ல.

முடிவு மூன்று: மண்டபத்தில் அருவி. நானூறு பேர் துண்டோடு நிற்கிறார்கள். ஆசைதான். ஆனால் அங்கே போய்விட்டால் அவள் கடைசிவரை வாய்விட்டுக் கேட்கவே மாட்டாள்.

6

எனவே சனிக்கிழமை. டேங்கர்காரர் வாசலில் வந்து நிற்கிறார். எத்தனை நடை அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உள்ளே மோட்டார் ஓடுகிறது. யாக்கூப் விரல்விட்டு எண்ணுகிறார். முத்துசெல்வி தவிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் சுவிட்சை அணைக்கிறாள்.

"ஏட்டி, எதுக்கு நிறுத்துதே?" என்கிறார் யாக்கூப்.

"லாரியப் போகச் சொல்லுங்கண்ணே."

"அருவி இல்லாம எப்படி வாசிக்க?"

தகரத்திலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டுகிறது. மூன்று பேரும் அவளைப் பார்க்கிறார்கள். காலையில் சந்தையில் ஆயிரம் பேருக்கு நடுவே கூவியவள், இப்போது சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நிற்கிறாள். டீச்சரின் வயலின் பெட்டிக்குள் அந்தக் கையெழுத்துத் தாள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. நாலு பேரையும் இப்போது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். யாக்கூப்பின் இடத்திலோ டீச்சரின் இடத்திலோ நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"சட்டம் போட்டது நாந்தான், இல்லேங்கல. ஆனா எனக்குப் பாடணும் டீச்சர். அருவிச் சத்தம் இல்லாம, நீங்க மூணு பேரும் கேக்க. பாடட்டுமா?"