தக்காளிக்கு மூன்று சுற்று

என் கொழுந்தன் கந்தன், தளியில் இருந்த எங்கள் குடும்பப் பொது நிலத்தை மனை போடுகிறவர்களிடம் விற்கத் துடித்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஒன்பதில் ஓசூரைச் சுற்றி எல்லாருக்கும் அதே பைத்தியம். "இந்தத் தக்காளி தேறுச்சுன்னா விக்கற பேச்சே கூடாது. தேறலன்னா கையெழுத்துப் போட்டுத் தர்றன்" என்று என் வீட்டுக்காரர் ராமப்பன் ஊரார் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்கு அவருடையது, களையெடுத்த இடுப்பு என்னுடையது.

காய் பிடிக்கிற நேரத்தில் தூறல் விடாமல் பிடித்துக்கொண்டது. கிழக்கு மூலையில் நாலைந்து செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகின. இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம். போன வருடம் கருகலை அடக்கிய மருந்தையே அடித்தோம். இந்த முறை நோய் அதைச் சட்டையே செய்யவில்லை. ஒரு கிளையைப் பையில் கட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை உரக்கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் ஆரோக்கியநாதன் பையைத் திறக்கவே விடவில்லை, வெளியிலிருந்தே பார்த்தார்.

"இது பழைய கருகல் இல்லம்மா. வெளியூரு வெதக் கெழங்கோட வந்த புது ரகம்ங்கறாங்க. உருளைக்கும் தக்காளிக்கும் ஒரே நோவுதான். ஒரே மருந்த அடிச்சு அடிச்சு, அதுக்குச் சாகாதது மட்டும் தப்பிச்சுப் பெருகிடுச்சு. ஒரு மூலையோட நிக்கறப்பவே அந்தச் செடிங்கள அங்கயே குழி தோண்டிப் பொதச்சுருங்க. ஈரத்துல மத்த செடிமேல பட்டா அவ்ளோதான்."

பஸ் இறங்கி வயலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் அந்தச் செடிகளைப் பிடுங்கி இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, வரப்போரமாக வயலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூலைக்கு மூலை நின்று பயிர்மேல் தடவி எடுத்தார்.

"ஏங்க, கீழ போடுங்க! பொதைக்கச் சொல்றாங்க!"

திருஷ்டி சுற்றும்போது வாய் திறக்கக் கூடாதாம். தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது சுற்றையும் முடித்து, முச்சந்தியில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

"என் தம்பி கண்ணுதான் மாரம்மா. கழிஞ்சுது, போ" என்றார் என்னிடம்.

கந்தன் அந்த மாதம் முழுக்க வயல் பக்கமே வரவில்லை.

ஒரு வாரத்தில் அவர் நடந்த வரப்போரம் நாலு பக்கமும் கருகியது. பிறகு நடு வயல். பச்சைக்காய்கூடப் பழுப்பேறி அழுகியது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எங்கள் பயிருக்குப் பட்டது புருஷனின் காலடி. அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். "கண்ணு அவ்ளோ பொல்லாதது" என்றார்.

கையெழுத்துப் போட்டார். மனைக்கல் நட்ட அன்று பூஜை வைத்தார்கள். பூசணிக்காய் சுற்ற ஆள் கேட்டபோது என் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு போய் அதைக் கையில் வாங்கினார். அதே வரப்போரமாக மூன்று சுற்று வந்து உடைத்தார்.

அந்தத் திருஷ்டி மட்டும் நன்றாகக் கழிந்தது. ஒரு மனைகூட மிச்சமில்லாமல் விற்றுப்போயிற்று.