விபத்து எண் ஒன்று

பாஸ்கரனை எங்கள் பள்ளிக்கு அழைத்ததற்கு ஒரே காரணம், அவருடைய பதவியின் பெயரில் 'சேஃப்டி' என்ற சொல் இருந்ததுதான். சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைப் பிடிப்பது, தரையில் எண்ணெய் சிந்தினால் துடைக்கச் சொல்வது, இதெல்லாம் அவர் வேலை. அதைச் சரியாகத்தான் செய்திருப்பார். பிள்ளைகள் இணையத்தில் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று சொல்லவும் அவரே போதும் என்று எங்கள் கரஸ்பாண்டன்ட் ராமப்பன் முடிவு செய்தார். தீயணைப்பு வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கச் சொன்ன மாதிரி. இரண்டிலும் நெருப்பு இருக்கிறதே.

நான் அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். மத்திகிரிப் பக்கம், கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற மெட்ரிகுலேஷன் பள்ளி அது. எனக்கு முட்டாள்களைக் கண்டால் பொறுக்காது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் யாரையும் விட்டுவைக்கப் போவதில்லை.

2007. ஊரெல்லாம் ஆர்குட் பைத்தியம். பாகலூர் ரோட்டில் பிரவுசிங் சென்டர் இல்லாத கட்டடமே இல்லை என்று ஆகியிருந்தது. ராமப்பனும் பள்ளி பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, ஆண்டு விழாப் படங்களை ஏற்றினார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு, பஸ் ஏறும் ஸ்டாப். ஸ்டாப் எதற்கு என்று கேட்டேன். "நம்ம பஸ்ஸு எத்தனை ஊருக்குப் போவுதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமாம்மா?" என்றார். பஸ்ஸுக்கு விளம்பரம் செய்யப் பிள்ளைகளின் விலாசத்தைத் தெருவில் ஒட்டலாம் என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றியிருக்கிறது.

பிளஸ் ஒன் ரஞ்சிதா ஒரு திங்கட்கிழமை மதியம் லேபுக்கு வந்தாள். கணக்கில் வகுப்பில் முதல். ஆண்டு விழா நடனத்தில் முன் வரிசையில் நின்றவள்.

"மிஸ், எனக்கு ஆர்குட்ல அக்கவுண்டே இல்ல. ஆனா நான் அதுல இருக்கேன்."

திறந்து பார்த்தேன். எவனோ ஆண்டு விழாப் படத்தில் அவளை மட்டும் வெட்டியெடுத்து, அவள் பெயரில் ஒரு பக்கம் வைத்திருந்தான். பெயர், வகுப்பு, ஸ்டாப் எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து அப்படியே. அதற்கு மேல், 'நண்பர்கள் வேண்டும், உடனே பதில் தருவேன்' என்று இவள் சொல்வதுபோல் இரண்டு வரி. கீழே பெங்களூர் ஆட்கள் வரிசையாக வந்து வழிந்திருந்தார்கள். படித்தவர்கள்தான் எல்லாரும், எழுத்துப்பிழை மட்டும் நிறைய.

"அப்பாவுக்குத் தெரியாம எடுத்துடுங்க மிஸ். தெரிஞ்சா படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிடுவாரு. அங்க மாமா ரெடியா இருக்காரு."

அவள் அப்பா மதுரைவீரன் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். இங்கே இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லையாம். அப்படியானால் பயமில்லை என்று நினைத்தேன். உடனே ஆர்குட்டுக்கே புகார் கொடுத்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தோழிகள் ஆறு பேரையும் புகார் போட வைத்தேன். நாலைந்து நாளில் போய்விடும், யாருக்கும் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் மூலப்படம் எங்கள் பள்ளிப் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்க ராமப்பனின் பாஸ்வேர்டு வேண்டும். போய்ச் சொன்னேன், அவள் பெயரோடு. அவர் படத்தை எடுத்தார். கூடவே பாஸ்கரனுக்குப் போன் போட்டார்.

பாஸ்கரன் மறுநாள் ஷூ சத்தத்தோடு வந்தார். கதையைக் கேட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் போனார். "ஒய்-ஒய் அனாலிசிஸ் பண்ணிடலாம் சார். ஏன் ஏன்னு அஞ்சு தடவ கேட்டா ரூட் காஸ் தானா வெளிய வந்துரும்" என்று சாக்பீஸை எடுத்தார்.

ஏன் போலிப் பக்கம் வந்தது? படம் கிடைத்தது. ஏன் படம் கிடைத்தது? படம் எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள்? அவள் மேடையில் ஆடினாள். ஏன் ஆடினாள்? பெயர் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? ஆசை.

"அவ்ளோதான் சார். ரூட் காஸ், ஆசை" என்று கோடு போட்டார்.

படத்தை ஏற்றியது யார், ஸ்டாப் பெயரை எழுதியது யார் என்ற ஏன் மட்டும் அந்தக் கரும்பலகைக்கு வரவே இல்லை. வராது. அந்த ஏன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

"எங்க பிளான்ட்ல ஒருத்தனுக்கு விரல் போனாக்கூட, மறுநாளே கேட்ல அவன் போட்டோ, பேர், எப்படி ஆச்சுன்னு ஒட்டிடுவோம் சார். உள்ள போறவன் எல்லாம் பாத்துட்டுத்தான் போவணும். அப்பத்தான் மத்தவனுக்குப் பயம் வரும். அதே மாதிரி இங்கயும் ஒட்டிடலாம். சனிக்கெழம பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்குதில்ல?"

"பேர் வேணாம் சார், படமும் வேணாம்" என்றேன்.

"பேர் இல்லாம ஒட்டுனா யாருக்கு மேடம் உறைக்கும்?"

ராமப்பன் தலையை ஆட்டினார். "கலர்ல பிரின்ட் எடும்மா" என்றார் என்னிடம்.

அந்தப் போலிப் பக்கத்தை நான்தான் அச்செடுத்தேன். மனசுக்குள் இரண்டு பேரையும் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டே எடுத்தேன். என் வீரம் எப்போதுமே அப்படித்தான், உள்ளே நன்றாக முழங்கும். கை சொன்னதைச் செய்யும்.

சனிக்கிழமை காலையில் திறந்து பார்த்தால் ஆர்குட்டில் அந்தப் பக்கம் இல்லை. புகார் வேலை செய்துவிட்டது. வாசலுக்கு ஓடினேன். 'விபத்து எண் 1' என்ற தலைப்போடு பலகை நின்றது, பக்கத்தில் பாஸ்கரன். "அது போயிடுச்சு சார், இதையும் எடுத்துடலாம்" என்றேன்.

"வெரி குட்! அப்ப கீழ எழுதுங்க, கரெக்டிவ் ஆக்‌ஷன் கம்ப்ளீட்டட்னு" என்று ஸ்கெட்ச் பேனாவை நீட்டினார்.

எழுதினேன். பச்சை மையில். அந்தப் பக்கம் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் பள்ளி வாசல்தான். நான்கு குண்டூசிகள் குத்தியிருந்தன. பிடுங்க இரண்டு விநாடி ஆகியிருக்கும். பாஸ்கரன் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பிடுங்கவில்லை.

மதியம் மதுரைவீரன் முதல் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேரே வந்தார். மகள் கணக்கில் முதல் என்று கேட்டுவிட்டுப் போக வந்தவர். பலகை முன் நின்றார். அவருடைய லைனில் வேலை செய்கிற இன்னும் நாலைந்து பேர் ஏற்கெனவே அங்கே நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். அந்த மரியாதையைப் போல் அசிங்கமான மரியாதையை நான் பார்த்ததில்லை.

ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். அவர் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

"எம் புள்ள படத்தை எதுக்கும்மா வாசல்ல ஒட்டி வச்சிருக்கீக?"

எவனோ செய்தது, அவள்மேல் தப்பே இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தாயிற்று என்றேன்.

"கம்ப்யூட்டர்ல கெடந்திருந்தா எனக்கெங்கம்மா தெரியப்போகுது? இப்ப எங்க லைன் பூராத் தெரிஞ்சுபோச்சு. திங்கக்கெழம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போவேன்?"

உள்ளே மைக்கில் பாஸ்கரன் ஹெல்மெட்டைப் பற்றி ஆரம்பித்திருந்தார். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை டி.சி. வாங்க இருவரும் வந்தார்கள். மதுரைவீரன் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, ரஞ்சிதா வராந்தாவில் நின்றாள். இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி அப்பாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன். பேசிப் பார்த்தாயிற்று என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது எனக்கு. "எவனோ ஒரு பொறுக்கி பண்ண வேலை, ரஞ்சிதா. அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றேன்.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது மிஸ்" என்றாள். "உங்ககிட்டதான் நான் சொன்னேன்."